மையர் என்ற ஜெர்மன் குடும்பப்பெயர்: எழுத்து பல விதம், வேர் எது?

#1 வேர்தேடி

வணக்கம். வடமேற்கு ஜெர்மனியில், பீலஃபெல்டுக்கு வடக்கே, பழைய ராவென்ஸ்பெர்க் சீமையைச் சேர்ந்த ஒரு மையர் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்கும் வேலை. பெயரின் எழுத்து எம், இ, ஒய், இ, ஆர். கையில் இருப்பவை இரண்டே பதிவுகள்.

முதலாவது 1876ஆம் ஆண்டு இறப்புப் பதிவு. இறந்தவர் 1809இல் பிறந்தவர், பெயர் மையர், தந்தை ‘கொலோன் மையர்’. இரண்டாவது அவருடைய அண்ணனின் ஞானஸ்நானப் பதிவு, 1804. அதில் பிள்ளைக்கும் தந்தைக்கும் குடும்பப்பெயர் நீமான். தாயின் பெயர் இரண்டு பதிவிலும் ஒன்றேதான். லுத்தரன் குடும்பம்.

கேட்க வேண்டியவை: பெயரின் பொருள் என்ன? எழுத்து வேறுபாட்டை (இ-ஐ, இ-ஒய், ஏ-ஐ, ஏ-ஒய்) எவ்வளவு நம்பலாம்? உடன்பிறந்த இருவருக்கு இரண்டு குடும்பப்பெயர் எப்படி வந்தது? 1804க்கு முன்னே போக எந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது?

#2 பழஞ்சுவடி

பொருளில் தொடங்குவோம். லத்தீனில் ‘மாயோர்’ என்றால் பெரியவர். ‘மாயோர் வில்லே’ என்பவர் ஒரு பிரபுவின் பண்ணைக்குப் பெரியவர். நம்மூர்க் கோயில் நிலத்துக்கு மணியக்காரர் இருந்தாரே, கிட்டத்தட்ட அந்தப் பொறுப்பு. பிஷப்புக்கோ மடத்துக்கோ பிரபுவுக்கோ பல ஊர்களில் நிலம் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடுவே ஒரு தலைமைப் பண்ணை. அங்கே குடியிருந்து பிரபுவின் சொந்த நிலத்தை உழுவிப்பதும், சுற்றியுள்ள குடியானவர்களிடம் தானியம், கோழி, முட்டை, வேலைநாள் எல்லாம் வசூலிப்பதும் மையரின் பணி.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஏற்பாடு குலைந்தது. வசூலித்ததை மையர்கள் தங்கள் பக்கமே வைத்துக்கொள்ளத் தொடங்கியதும், பதவியைப் பிள்ளைகளுக்குச் சொத்துபோல விட்டுச்சென்றதும் முக்கியக் காரணங்கள். பிரபுக்கள் பண்ணையை உடைத்து, நிர்ணயித்த குத்தகைக்கு விட்டார்கள். வடமேற்கு ஜெர்மனியில் இந்தக் குத்தகை உரிமைக்கே ‘மையர்ரெஷ்ட்’ என்று பெயர். முதலில் சில ஆண்டுத் தவணை, பிறகு மெல்ல மெல்லப் பரம்பரை உரிமை. அந்த உரிமையில் நிலம் வைத்திருந்த எல்லாருமே மையர் ஆனார்கள். முழு மையர், அரை மையர், அவர்களுக்குக் கீழே சிறுநிலக் குடிசைக்காரர்களான கோட்னர், பிரிங்க்ஸிட்சர் என்று வரிக்கணக்கில் படிநிலையே உண்டு.

இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். தெற்கே மையர் என்றால் பெரும்பாலும் ஒரு பண்ணைக்கு ஒருவர். வடமேற்கே, லோயர் சாக்ஸனியில், ஒரே ஊரில் பலர் இருக்கலாம். எனவே ‘நம் முன்னோர் ஊருக்குப் பெரிய தலைக்கட்டு’ என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ராவென்ஸ்பெர்க்கில் மையர் பண்ணைகள் பெரும்பாலும் ஊரின் மூத்த, பெரிய பண்ணைகள்தான். ஆனால் அதை நிலக்கணக்கு சொல்ல வேண்டும்.

ஒரே வட்டாரத்தில் பல மையர்கள் இருந்ததால் முன்னொட்டுகள் வந்தன. மேட்டில் இருப்பவர் ஓபர்மையர், தாழ்வில் இருப்பவர் நீடர்மையர், கிழக்கே ஓஸ்டர்மையர், மேற்கே வெஸ்டர்மையர், சதுப்போரம் புரோக்மையர். வேடமையர் என்றால் தேவாலயத்துக்கு மானியமாக விடப்பட்ட நிலத்தை நடத்தியவர். மியூன்ஸ்டர் பக்கம் போனால் இதே பொறுப்புக்கு ஷுல்ட்டெ, ஷுல்ட்செ என்ற பெயர். கிழக்கு ஜெர்மனியில் ஷுல்ட்செ என்றால் ஊர்த்தலைவர், பண்ணைக்காரியக்காரர் அல்ல. பெயர் ஒன்று, வேலை வேறு.

#3 வரைபடப்பித்தன்

எழுத்துக் கேள்விக்கு வருகிறேன். எந்த எழுத்தானாலும் உச்சரிப்பு ‘மையர்’தான். எழுத்து சொல்வது வட்டாரத்தை. குடும்பத்தை அல்ல.

இ-ஒய் வடிவம் வடமேற்கின் அடையாளம். பிரேமன், ஹனோவர், ஓஸ்னாப்ரியூக் சுற்றுவட்டம் அதன் மையம். பாப்பன்பர்க்கில் 1795இல் தொடங்கிய மையர் கப்பல் தளத்தின் பெயர் இந்த எழுத்துதான். ஏ-ஐ வடிவம் பாடனிலும் ஸ்வாபியாவிலும். ஏ-ஒய் வியூர்ட்டம்பர்க், பவேரியா பக்கம். நடு ‘இ’ விழுந்த ‘மைர்’ (எம், ஏ, ஒய், ஆர்) ஆக்ஸ்பர்க் முதல் மேல் பவேரியா வரை, ஆஸ்திரியாவிலும். ஒய்க்குப் பதில் ஐ போட்ட குறுவடிவம் டிரோல் பக்கம். இ-ஐ வடிவம் கீழ் பவேரியாவிலும் மேல் பலாட்டினேட்டிலும் நிறைய உண்டு. சுவிட்சர்லாந்தில் இ-ஐ, இ-ஒய் இரண்டும் ஓடும்.

தெற்கே ‘ஏ’ வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இடைக்கால ஜெர்மனில் ஒரு ‘ஐ’ ஒலி முன்பே இருந்தது. பிறகு நெடில் ஈகாரம் ஒன்று திரிந்து இன்னொரு ‘ஐ’ ஆனது. பவேரிய, ஸ்வாபிய எழுத்தர்கள் இரண்டையும் பிரித்துக் காட்ட, பழைய ஒலியை ‘ஏ-ஐ’ என்றும் புதியதை ‘இ-ஐ’ என்றும் எழுதினார்கள். மையரில் இருப்பது பழைய ஒலி, அதனால் அங்கே ஏ-ஐ. வடக்கே அந்த வழக்கம் வேரூன்றவில்லை. ‘இ’ விழுந்ததற்குக் காரணம், பவேரியப் பேச்சு அழுத்தமில்லாத உயிரை விழுங்கிவிடுவது.

புகழ்பெற்றவர்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வானியலாளர் டோபியாஸ் மையர், மார்பாக், 1723: ஏ-ஒய். ஆற்றல் அழியாமையை ஆராய்ந்த ராபர்ட் மையர், ஹைல்பிரான், 1814: ஏ-ஒய். இருவரும் வியூர்ட்டம்பர்க். தனிம அட்டவணையில் மெண்டலீவோடு சேர்த்துச் சொல்லப்படும் லோத்தர் மையர், ஓல்டன்பர்க் சீமையின் ஃபாரல், 1830: இ-ஒய். மூன்றும் வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன.

இன்றைய பரவல் வரைபடம் பார்க்கும்போது இரண்டு கண்ணிகள். மொத்த எண்ணிக்கை வரைபடத்தைப் பார்த்தால் எந்தப் பெயரைப் போட்டாலும் பெர்லினும் ரூர் பகுதியும்தான் ஒளிரும், ஏனென்றால் அங்கே ஜனம் அதிகம். மக்கள்தொகைக்கு ஒப்பிட்ட வரைபடத்தை எடுங்கள். அடுத்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் கிழக்குப் பகுதிகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் விரட்டப்பட்டு மேற்கே குடியேறினார்கள். ஜெர்மன் குடும்பப்பெயர் அட்லஸ் 2005ஆம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புகளை வைத்துச் செய்தது. அரிய பெயர்களுக்கு அது போருக்கு முந்தைய நிலையைக் காட்டாது. அந்த நிலை வேண்டுமானால் முதல் உலகப் போரில் இறந்த, காயமடைந்த வீரர்களின் இழப்புப் பட்டியலில் தேடுங்கள். ‘கம்ப்ஜென்’ என்ற வம்சாவளிச் சங்கத்தின் தளத்தில் இலவசம், பலருக்குப் பிறந்த ஊரும் இருக்கும்.

#4 மேகலா_ஹனோவர்

வேர்தேடி, அண்ணன் தம்பி விவகாரம் ராவென்ஸ்பெர்க்கில் சர்வசாதாரணம். அங்கே குடும்பப்பெயர் ஆளைத் தொடராது, பண்ணையைத் தொடரும். பண்ணையின் பெயர் மையர் என்றால், அதை நடத்துகிறவர் மையர். பிறப்பால் அவர் நீமானாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையாக வந்ததும், அல்லது மாமனார் பொறுப்பை ஒப்படைத்ததும், மையர் ஆகிவிடுவார்.

உங்கள் பதிவுகளுக்கு எளிய விளக்கம்: பெண்ணின் வீடு மையர் பண்ணை. கல்யாணமாகி 1804இல் தம்பதி இன்னும் நீமான் பெயரில் இருக்கிறார்கள், வேறு இடத்தில் குடியிருந்திருக்கலாம். 1804க்கும் 1809க்கும் நடுவே பண்ணை கைமாறியிருக்கிறது. அதன்பின் பிறந்த பிள்ளை மையர். இதை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உறுதி செய்ய, அந்த ஐந்து ஆண்டில் தாயின் தந்தை இறந்தாரா, அல்லது ‘லைப்ட்ஸுக்ட்’ எனப்படும் முதியோர் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு ஒதுங்கினாரா என்று பாருங்கள். பண்ணையை விட்டுக்கொடுத்தவர்களுக்குத் தனிக் குடிசை, இவ்வளவு தானியம், ஒரு மாடு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்தத் தாளில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் ஒன்றாக வரும்.

சிக்கல் இதோடு நிற்காது. பண்ணைக்காரர் சின்னக் குழந்தையை விட்டுவிட்டு இறந்தால், விதவை மறுமணம் செய்வார். வந்தவர் வாரிசு வயதுக்கு வரும்வரை மட்டும் பண்ணையை நடத்தும் இடைக்கால எஜமான். அந்த ஆண்டுகளுக்கு ‘மால்யாரெ’ என்று பெயர். அவரும் மையர் என்றே எழுதப்படுவார். தவணை முடிந்ததும் முதியோர் பங்குக்குப் போய்விடுவார். ஒரே நூற்றாண்டில் ஒரே பண்ணையில் ரத்த உறவே இல்லாத மூன்று மையர்கள் அடுத்தடுத்து வருவது இப்படித்தான். பெயரை மட்டும் பார்த்து அப்பா மகன் என்று கோடு போட்டால் மரம் முழுக்கத் தப்பாகிவிடும்.

இன்னொன்று, ராவென்ஸ்பெர்க் பக்கம் பண்ணை கடைசி மகனுக்கு. மூத்தவன் வெளியே போவான். 1809இல் பிறந்தவர் மையராகவே இறந்திருப்பதும், அண்ணன் வேறு பெயரில் இருப்பதும் இதற்கும் பொருந்துகிறது.

அந்தச் சீமையை ஆண்ட பிரஷ்ய அரசு இதைக் கட்டுப்படுத்தியது 1822 ஏப்ரல் 15 அரசாணையால். அனுமதியில்லாமல் குடும்பப்பெயரை மாற்றக் கூடாது. அதன் பிறகு ‘நீமான் கெனான்ட் மையர்’, அதாவது மையர் எனப்படும் நீமான் என்ற இரட்டைப் பெயர்கள் கெட்டிப்பட்டன. சில குடும்பங்களில் அந்த ‘கெனான்ட்’ இன்றும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

#5 வேர்தேடி

தெளிவாகிறது, மேகலா அக்கா. அப்படியானால் 1804க்கு முன்னே ரத்த வழியில் போனால் நீமான், பண்ணை வழியில் போனால் தாய்வழி மையர். இரண்டு மரமும் வேண்டும். தேவாலயப் பதிவேட்டின் எழுத்துதான் மலைப்பாக இருக்கிறது. ‘மையர்ஷெ’ என்று ஓரிடத்தில் வருகிறது, அது வேறு குடும்பமா?

#6 எழுத்தாணி

வேறு குடும்பம் இல்லை. ‘மையர்ஷெ’ என்றால் மையர் வீட்டுப் பெண், வடக்கத்திப் பேச்சு வழக்கு. தெற்கே அதையே ‘மையரின்’ என்று எழுதுவார்கள். பெண்பால் விகுதியைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். வம்சாவளித் தளங்களில் ‘மையரின்’ தனிக் குடும்பப்பெயராக உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஏற்றியவர் விகுதியைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

கத்தோலிக்கப் பதிவேட்டில் ‘வில்லிகுஸ்’ என்ற லத்தீன் சொல் வந்தால் அது மையராகவோ ஷுல்ட்டெயாகவோ இருக்கலாம். தொழிலாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். அதே ஆளின் வேறு பதிவு கிடைத்தால்தான் தீரும். ‘கொலோனுஸ்’, சுருக்கமாக ‘கொலோன்’ அல்லது வெறும் ‘கொல்.’ என்பது பண்ணை நடத்துகிற குடியானவர். அது பெயர் இல்லை. ‘மோதோ’, ‘வுல்கோ’, ‘ஆலியாஸ்’, ‘ஸீவெ’ (‘இப்போது’, ‘எனப்படும்’, ‘அல்லது’ என்பதுபோன்ற லத்தீன் சொற்கள்) இவை நான்கில் எது வந்தாலும் உஷாராகுங்கள். பக்கத்தில் இன்னொரு பெயர் இருக்கும்.

கூர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் மையரைப் படிக்க: சின்ன ‘இ’யும் ‘என்’னும் இரட்டைப் பிறவிகள். இரண்டுமே இரண்டு செங்குத்துக் கோடுகள். ‘இ’யில் கோடுகள் நெருங்கி நிற்கும், ‘என்’னில் விலகி நிற்கும். ‘யு’வும் அதே உருவம், ஆனால் தலைக்கு மேல் ஒரு கொக்கி போட்டிருப்பார்கள். ‘ஒய்’ மேலே பெரும்பாலும் இரண்டு புள்ளி வரும். அது உயிரெழுத்தின் ஒலியை மாற்றிக் காட்டும் உம்லாட் குறி அல்ல. புள்ளிகளோடு அப்படியே தட்டச்சு செய்து தேடினால் ஒன்றும் அகப்படாது. முதலில் அந்தப் பாதிரியார் எழுதிய ‘ஆமென்’, ‘மரியா’ போன்ற தெரிந்த சொற்களை எடுத்து அவருடைய எழுத்துகளை ஒரு தாளில் பிரதி செய்துகொள்ளுங்கள். ஆள் மாறினால் கையெழுத்து மாறும், தாளும் மாற வேண்டும்.

தேதி: ‘7பிரிஸ்’ என்றால் செப்டம்பர், ஜூலை இல்லை. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது ரோமன் எக்ஸ் டிசம்பர். புராட்டஸ்டன்ட் பகுதிகளில் 1700 பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. நடுவில் பதினொரு நாள் காணோம் என்று பதிவேட்டில் பக்கம் கிழிந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

#7 வரைபடப்பித்தன்

தேடுபொறி பற்றி ஒரு சேர்க்கை. ஜெர்மன் தளங்களில் ‘கோல்ன் ஒலிக்குறி’ தேடல் இருந்தால் போடுங்கள். உயிரெழுத்துகளையும் ஒய்யையும் கழித்துவிட்டு மெய்களுக்கு மட்டும் எண் கொடுக்கும் முறை. எம்முக்கு 6, ஆருக்கு 7. ஆக மையரின் எல்லா வடிவமும் 67. ஒரே தேடலில் இ-ஐ முதல் குறுவடிவ ‘மைர்’ வரை அகப்படும்.

கூடவே மோர், மவுவர் எல்லாம் 67 என்றே வந்து குவியும். அதற்கு ஊர் வடிகட்டியைச் சேர்க்க வேண்டும். மவுரர் வராது, அதற்கு 677. எழுத்தாணி சொன்ன ‘இ’-‘என்’ குழப்பத்தால் தவறாக ஏற்றப்பட்ட பெயர்கள் இந்த முறையில் பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் ‘என்’ நுழைந்ததும் எண் மாறிவிடலாம். அங்கே எம்முக்கும் ஆருக்கும் நடுவே நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவதுதான் வழி.

#8 மேகலா_ஹனோவர்

இனி எங்கே போவது என்பது. வேர்தேடி, வரிசையை மாற்றாதீர்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, ஒரு தலைமுறைக்கு ஒரு படி.

பிரஷ்யாவில் அரசுப் பதிவு அலுவலகம் தொடங்கியது 1874 அக்டோபர் 1. ஜெர்மன் பேரரசு முழுக்க 1876 ஜனவரி 1. இப்போதைய சட்டப்படி பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80 ஆண்டு, இறப்பு 30 ஆண்டு பதிவு அலுவலகத்திலேயே இருக்கும். தவணை முடிந்ததும் காப்பகத்துக்குப் போகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தவணைக்குள் என்றால் நேர்வழி முன்னோர், சந்ததி போன்றவர்களுக்கே கிடைக்கும், உறவைக் காட்டும் சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் 1876 பதிவு எப்போதோ வெளியே வந்துவிட்டது.

அதற்கு முன்னே தேவாலயப் பதிவேடு. லுத்தரன் என்பதால் ‘ஆர்ஷியோன்’ தளம், கட்டணம் உண்டு. வெஸ்ட்ஃபாலியாவின் பதிவேடுகள் ஏராளமாக அங்கே இருக்கின்றன. கத்தோலிக்கருக்கு ‘மாட்ரிகுலா’, இலவசம். மியூன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்கள் அங்கே.

1809 உங்களுக்கு அதிர்ஷ்டமான ஆண்டு. அப்போது ராவென்ஸ்பெர்க் நெப்போலியன் தம்பி ஜெரோமின் வெஸ்ட்ஃபாலியா அரசுக்குள் இருந்தது. 1808 முதல் பிரெஞ்சுச் சட்டப்படி குடிப்பதிவு, பாதிரியார்களே பதிவாளர்கள். வெறும் ஞானஸ்நானக் குறிப்பைவிட நீளமாக, தந்தையின் வயது, தொழில், வீட்டு எண்ணோடு எழுதியிருப்பார்கள். அதன் பிரதிகளும் பின்னர் 1874 வரையிலான தேவாலயப் பதிவேட்டுப் பிரதிகளும் டெட்மோல்டில், நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலக் காப்பகத்தின் கிளையில் தேட வேண்டும். மூலப் பதிவேட்டில் மை ஊறிப் படிக்க முடியாத பக்கம் பிரதியில் பளிச்சென்று இருக்கும்.

வீட்டு எண்ணை மறக்காமல் குறித்து வையுங்கள். 18ஆம் நூற்றாண்டில் பண்ணைகளுக்கு எண் கொடுத்தார்கள். பல ஊர்களில் பெரிய பண்ணைக்கு முதல் எண், குடிசைகளுக்குக் கடைசி. பெயர் மாறும், ஆள் மாறுவார், எண் அநேகமாக அப்படியே இருக்கும். ‘ஊர், எண், பெயர்’ என்ற மூன்று பத்தி அட்டவணை ஒன்று போட்டால், நீமான் எந்த எண்ணிலிருந்து மையரின் எண்ணுக்கு வந்தார் என்பது தானே தெரியும்.

#9 பழஞ்சுவடி

மேகலா சொன்னதற்கு முன்னே போக வேண்டுமானால், அதாவது பதிவேடே இல்லாத காலம். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் ட்ரென்ட் நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கத்தில் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. லுத்தரன் ஊர்களிலும் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை உண்டு. ஆனால் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்தது போக, பல ஊர்களில் 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்துதான் ஏடு கிடைக்கும்.

அதற்கும் பின்னால் நிலமும் வரியும்தான் பேசும். ராவென்ஸ்பெர்க்குக்கு 1556ஆம் ஆண்டு ‘உர்பார்’ இருக்கிறது. சீமை முழுவதற்குமான நிலக்கணக்கு, அச்சிலும் வந்திருக்கிறது. பண்ணைப் பெயர், எந்தப் பிரபுவுக்குக் கட்டுப்பட்டது, எவ்வளவு கட்டியது எல்லாம் அதில். உங்கள் மையர் பண்ணை அதில் இருந்தால் பெயர் அதற்கும் பழையது. குடும்பமும் அவ்வளவு பழையது என்று அதிலிருந்து முடிவு கட்டக் கூடாது, மேலே சொன்ன காரணம்தான்.

இடைப்பட்ட காலத்துக்கு, 1600 முதல் 1800 வரை, பிரபு வீட்டுக் காப்பகங்கள் பெரிய புதையல். இந்தக் குடியானவர்களில் பலர் கட்டுண்ட குடிகள். ராவென்ஸ்பெர்க், மின்டன் பகுதிகளுக்கு 1741ஆம் ஆண்டு விதிமுறைத் தொகுப்பு, ஓஸ்னாப்ரியூக்குக்கு 1722 தொகுப்பு. கல்யாணம் பண்ணி வீட்டுக்குள் வரப் பிரபுவுக்குக் காணிக்கை, பெயர் ‘வைன்காவுஃப்’. இறந்தால் அசையும் சொத்தில் ஒரு பங்கு, பெயர் ‘ஷ்டெர்ப்ஃபால்’. வேறு பிரபுவின் நிலத்துக்குப் பெண் கொடுத்தால் விடுதலைச் சீட்டு. கொடுமையான ஏற்பாடு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது போட்டு வைத்திருக்கிறார்கள். விடுதலைச் சீட்டில் பெண்ணின் பிறந்த வீடு எழுதியிருக்கும். தேவாலய ஏட்டில் ‘மையர்ஷெ’ என்று மட்டும் இருந்த அம்மா எந்தப் பண்ணையில் பிறந்தவள் என்பதற்குப் பல சமயம் அது ஒன்றே சாட்சி.

#10 ஊர்சுற்றி

மையர் யூதப் பெயர் என்றல்லவா கேள்வி. ராத்ஸ்சைல்ட் வம்சத்தின் மூதாதை மையர் ஆம்ஷெல் ராத்ஸ்சைல்ட். கோல்டா மேயர் இஸ்ரேல் பிரதமராக இருந்தவர். இங்கே யாரும் அதைத் தொடவில்லையே?

#11 பழஞ்சுவடி

தொட வேண்டியதுதான், தனியாக. எபிரேயத்தில் ‘மேயீர்’ என்றொரு ஆண் பெயர் உண்டு, ஒளி தருபவர் என்று பொருள். ஜெர்மன் பேசும் யூதர்களிடையே அது மையர் என்று ஒலித்தது. நீங்கள் சொன்ன ராத்ஸ்சைல்டுக்கு (1744, ஃப்ராங்க்ஃபர்ட்) மையர் குடும்பப்பெயர் அல்ல, சொந்தப் பெயர். ராத்ஸ்சைல்ட் என்பது ‘சிவப்புக் கேடயம்’ என்ற வீட்டின் பெயரிலிருந்து வந்தது.

யூதர்களுக்கு நிலையான குடும்பப்பெயர் கட்டாயமானது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நாடுகளில் 1787, வெஸ்ட்ஃபாலியா அரசில் 1808, பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813. அப்போது அப்பா பெயர் மையர் என்றிருந்தவர்கள் பலர் அதையே குடும்பப்பெயராக எழுதிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் மையர்பேர், பிறந்தபோது அவருடைய குடும்பப்பெயர் ‘பேர்’ மட்டும். தாத்தாவின் ‘மையர்’ஐ முன்னே சேர்த்துக்கொண்டார். கோல்டா மேயரின் கணவர் வழிப் பெயர் மையர்சன், 1956இல் எபிரேயமாக்கிச் சுருக்கியது.

ஆக, இரண்டு ஊற்று, ஒரே ஒலி. எழுத்தை வைத்துப் பிரிக்க முடியுமா? முடியாது. ஃபாரலின் லோத்தர் மையரும் இ-ஒய், பெர்லின் யூதக் குடும்பத்தில் பிறந்த வேதியியலாளர் விக்டர் மையரும் இ-ஒய். பிரித்துக் காட்டுவது பதிவேடு. 1700களில் லுத்தரன் ஞானஸ்நான ஏட்டில், பண்ணை எண்ணோடு இருக்கும் குடும்பம் பண்ணைவழி மையர். வேர்தேடியின் கேஸ் அப்படி. பெயரை மட்டும் பார்த்து வேர் சொல்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

#12 வரைபடப்பித்தன்

ராவென்ஸ்பெர்க் என்றதும் யாராவது ‘சாட்டல்மையர்’ கதையை எடுத்து வருவார்கள், அதனால் முன்கூட்டியே. எங்கர் ஊரைச் சுற்றிச் சில பண்ணைகளுக்குச் சேணம் மையர் என்று பெயர். போர் வந்தால் சேணம் பூட்டிய குதிரை ஒன்றைத் தர வேண்டும், அதற்கு ஈடாகச் சலுகைகள். பண்ணைக்காரர் இறந்தால் சேணமிட்ட குதிரை சவப்பெட்டிக்குப் பின்னே நடந்து வருவது வழக்கமாக இருந்தது. 785இல் ஞானஸ்நானம் பெற்ற சாக்ஸன் தலைவர் விடுகின்டின் துணைவர்கள் இவர்கள் என்பது ஊர்க்கதை.

#13 பழஞ்சுவடி

ஊர்க்கதை என்றே மரத்தில் எழுத வேண்டும். 785இலிருந்து 16ஆம் நூற்றாண்டு நிலக்கணக்கு வரை ஆள் ஆளாக இணைக்கும் சங்கிலி கிடையாது. அதேபோல் ‘மையர் ட்சு’ என்று தொடங்கி ஊர்ப்பெயரில் முடியும் பெயர்களைப் பார்த்து அரச வம்சம் என்பார்கள். அந்த ‘ட்சு’ எந்த ஊர்ப் பண்ணை என்று காட்டுவதற்கு மட்டும். பட்டம் இல்லை, குடியானவர்தான். அகரவரிசையில் ‘எம்’மின் கீழ் தேடுங்கள்.

#14 கடலூரான்

அமெரிக்காவில் மையர்ஸ் என்று ஆனவர்களைத் திருப்பி எப்படிக் கண்டுபிடிப்பது? நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்கிறார்களே.

#15 மேகலா_ஹனோவர்

அது கட்டுக்கதை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது, தீவில் அதைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிறகு, பள்ளியிலும் வேலையிலும் குடியுரிமைத் தாளிலும், பெரும்பாலும் ஆட்களே மாற்றிக்கொண்டது. ஹாம்பர்க் வழி போனவர்களுக்கு 1850 முதல் 1934 வரை பட்டியல் இருக்கிறது, முந்தைய வசிப்பிடத்தோடு. பிரேமன் வழி போனவர்களுக்குப் பாடு. பழைய பட்டியல்களை இடமில்லை என்று அழித்துவிட்டார்கள், எஞ்சியது போரில் போனது, கிடைப்பது 1920 முதல் 1939 வரை மட்டும். வெஸ்ட்ஃபாலியாக்காரர்களுக்குப் பிரேமன்தான் பக்கம் என்பதால், ஜெர்மனிப் பக்கத்தில் குடிபெயர்வு அனுமதித் தாளையும் அமெரிக்கப் பக்கத்தில் தேவாலயத் திருமண ஏட்டையும் தேட வேண்டும். ஜெர்மன் பாதிரியார் நடத்திய சபை என்றால் சொந்த ஊரின் பெயரை எழுதியிருப்பார், கல்லறைக் கல்லிலும் சில சமயம் இருக்கும்.

#16 வேர்தேடி

‘மையர் குலச்சின்னம்’ என்று படமாகச் சட்டகத்தில் போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா?

#17 எழுத்தாணி

சுவரில் அழகுக்கு என்றால் வாங்குங்கள். சின்னம் பெயருக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் மட்டுமே. மையர் என்ற பெயரில் வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு சின்னம் வைத்திருக்கின்றன. உங்கள் நீமான்-மையர் வழியில் யாராவது பதிந்திருந்தால் 1869இல் பெர்லினில் தொடங்கிய ‘ஹெரால்ட்’ சங்கத்தின் சின்னப் பதிவேட்டில் தேடலாம். அதைவிடப் பலன் தருவது பண்ணை வீட்டின் முகப்பு உத்தரம். அந்தப் பக்கத்து மரச்சட்ட வீடுகளில் பெரிய வாசலுக்கு மேலே கட்டிய ஆண்டு, கணவன் பெயர், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் மூன்றையும் செதுக்கியிருப்பார்கள். வீடு இடிந்திருந்தாலும் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் படம் இருக்கலாம். கேட்டு எழுதும்போது ஊர்ப்பெயர், பண்ணை எண், 1804க்கும் 1809க்கும் இடைப்பட்ட காலம், நீமான், மையர் இரண்டு பெயரும், இவ்வளவையும் முதல் வரியிலேயே போடுங்கள். ‘மையர் பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால் பதில் வராது, அந்த ஊரில் பாதிப்பேர் மையர்.